பொதுவான சொல் எது? சமய இணக்கம் பற்றிய இஸ்லாமியக் கருத்து வேறுபாடுகள்

எமது நாட்டின் பொது விழாக்களில் பௌத்த, இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவ சமயப் பெரியார்கள் ஒரே மேடையில் அமர்ந்திருப்பதை நாம் அடிக்கடி காண்கின்றோம். மங்கள விளக்கேற்றும் கட்டம் வரும்போது மௌலவி சற்று ஒதுங்கி நிற்பதுண்டு. இன்னொரு விழாவில் இன்னொரு மௌலவி முன்வந்து திரியை ஏற்றுவதும் உண்டு. ஒதுங்கி நின்றவரைக் கண்டு, இவர் எம்மோடு சேர விரும்பாதவர் என முடிவு கட்டுவோர் உள்ளனர். ஏற்றியவரைக் கண்டு, இவர் மார்க்கத்தை விட்டுக்கொடுத்தவர் என முணுமுணுப்போரும் உள்ளனர். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள் என்பது எமது கருத்து.

பிற சமயத்தவருடன் பொதுத்தளம் காண்பது தொடர்பில் இஸ்லாமிய அறிஞர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் விவாதம் ஒன்றுண்டு. அதனைச் சகிப்புத்தன்மை உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் இடையிலான சச்சரவு எனச் செய்தி ஊடகங்கள் சுருக்கிவிடுகின்றன. உண்மை அதுவன்று. பொதுவானது என நாம் தேடுவது நம்பிக்கையிலா, ஒழுக்கத்திலா, அல்லது ஒரே நாட்டின் குடிமக்கள் என்ற உறவிலா என்பதே அங்கு கேள்வி. நம்பிக்கையில் அணுவளவும் விட்டுக்கொடாத ஓர் அறிஞர் குடியுரிமை விடயத்தில் மிகத் தாராளமானவராக இருக்கக்கூடும். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் எழுதப்படும் நல்லிணக்கக் கட்டுரைகள் பல எமது மேசைக்கு வந்து போயுள்ளன.

விவாதத்தின் மையத்தில் இருப்பது அல்குர்ஆனின் மூன்றாவது அத்தியாயமான ஆல இம்ரானின் 64 ஆவது வசனமாகும். வேதம் வழங்கப்பட்டோரை, அதாவது யூதரையும் கிறிஸ்தவரையும், இரு தரப்புக்கும் பொதுவான ஒரு சொல்லின்பால் வருமாறு அது அழைக்கின்றது. இறைவனையன்றி எவரையும் வணங்காதிருத்தல், அவனுக்கு எதனையும் இணையாக்காதிருத்தல், மனிதர் மனிதரையே கடவுளராக்கிக் கொள்ளாதிருத்தல் என்பன அச்சொல்லின் உள்ளடக்கமாகும். அவர்கள் மறுத்தால், தாம் இறைவனுக்குக் கட்டுப்பட்டோர் என்பதற்குச் சாட்சியாக இருக்குமாறு அவர்களிடம் கூறும்படி வசனம் நிறைவுறுகின்றது. நஜ்ரான் பகுதியிலிருந்து மதீனாவுக்கு வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவுடன் நிகழ்ந்த உரையாடலின் பின்னணியில் இது அருளப்பட்டதாக விரிவுரையாளர் பலர் கூறுவர். அக்குழுவினர் நபிகளாரின் பள்ளிவாசலிலேயே தமது வழிபாட்டை நிறைவேற்ற அனுமதிக்கப்பட்டனர் என்பது இப்னு இஸ்ஹாக் தரும் செய்தி. ரோமப் பேரரசர் ஹெரக்கிளியஸுக்கு நபிகளார் அனுப்பிய கடிதத்திலும் இதே வசனம் இடம்பெற்றதாக இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்.

வசனத்தில் 'பொதுவான' என நாம் மொழிபெயர்க்கும் அரபுச் சொல் 'ஸவாஉ' என்பதாகும். சமமானது, நடுநிலையானது என்றும் அதற்குப் பொருளுண்டு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இமாம் தபரி, நீதியான சொல் என்றே அதனை விளக்குகின்றார். இந்தப் பழைய விளக்கம் இன்றைய மேடைகளில் அதிகம் நினைவுகூரப்படுவதில்லை. ஆயினும் இவ்விவாதத்தின் திறவுகோல் அதுவே என நாம் கருதுகின்றோம்.

வசனத்தைப் புரிந்துகொள்வதில் இரு பெரும் போக்குகள் உள்ளன. ஒன்று, இதனை ஏகத்துவத்துக்கான அழைப்பாகவே கொள்வது. பொதுவான சொல் என்பது ஏற்கெனவே இரு தரப்பாரிடமும் உள்ளதன்று. எல்லா நபிமாரும் போதித்ததும், பின்னர் பிறர் விட்டு விலகியதுமாகும். எனவே அதன்பால் அழைத்தல் என்பது திரும்பி வருமாறு அழைத்தலே என்பது இவர்களது நிலைப்பாடு. இப்னு கதீர் உள்ளிட்ட மரபு சார்ந்த விரிவுரையாளர்கள் பெரும்பாலும் இவ்வழியில் நிற்கின்றனர். மற்றைய போக்கு, இரு தரப்பாரும் ஏற்கெனவே பகிர்ந்துகொள்ளும் ஒன்றினை வசனம் இனங்காட்டுகின்றது எனக் கொள்கின்றது.

இரண்டாவது போக்கு அண்மைக்காலத்தில் உலகின் கவனத்தைப் பெற்றது 2007 ஆம் ஆண்டிலாகும். அதற்கு முந்திய ஆண்டு செப்டெம்பர் 12 ஆம் திகதி ஜேர்மனியின் ரேகன்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர், நபிகளாரைப் பழிக்கும் ஒரு பைசாந்தியப் பேரரசரின் கூற்றை மேற்கோளாக எடுத்துரைத்தார். முஸ்லிம் நாடுகளில் கண்டனங்கள் எழுந்தன, வன்செயல்களும் நிகழ்ந்தன. ஒரு மாதத்தின் பின்னர் 38 முஸ்லிம் அறிஞர்கள் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். 2007 ஒக்டோபர் 13 ஆம் திகதி வெளிவந்த இரண்டாவது கடிதத்தில் 138 பேர் ஒப்பமிட்டிருந்தனர். ஸுன்னி, ஷீஆ, சூபி எனப் பல பிரிவினரும் அதில் அடங்குவர். ஜோர்தானின் ஆலுல் பைத் நிறுவனமும் இளவரசர் காஸி பின் முஹம்மதும் இம்முயற்சிக்கு முன்னின்றனர். கடிதத்தின் பெயரே மேற்கூறிய வசனத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும். இறைவன் மீது அன்பு, அயலவர் மீது அன்பு ஆகிய இரண்டுமே இரு சமயங்களுக்கும் பொதுவான அடித்தளம் என்பது அதன் சாரம்.

அதே ஆண்டு நவம்பரில் முந்நூறுக்கும் மேற்பட்ட கிறிஸ்தவ அறிஞர்கள் ஒப்பமிட்ட வரவேற்பு மடலொன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினரின் முயற்சியால் வெளிவந்தது. 2008 நவம்பரில் ரோமில் கத்தோலிக்க, முஸ்லிம் மன்றம் முதற் தடவையாகக் கூடியது. தெருவில் கொடும்பாவி எரித்தவர்களை உலகம் மறந்துவிட்டது; கடிதம் எழுதியவர்களின் பணி இன்றும் பேசப்படுகின்றது.

எனினும் அக்கடிதத்தை எல்லா முஸ்லிம்களும் மெச்சவில்லை. அழைப்பு வசனத்தை அன்பு வசனமாக மாற்றிவிட்டார்கள் என்ற குறை முதற் போக்கினரிடமிருந்து எழுந்தது. இக்குறையை வெறும் பிடிவாதம் எனத் தள்ளிவிட முடியாது. இணைவைத்தலை மறுப்பது வசனத்தின் மையமாக இருக்கையில், அதனைப் பேசாது பொதுமை கண்டால் நேர்மை குன்றும் என்ற கவலை அதிலுண்டு. எதிர்த்தரப்பின் நம்பிக்கையை உண்மையில் மதிப்பவன் அதிலுள்ள வேறுபாட்டையும் மறைக்க மாட்டான் அல்லவா?

சவூதி அரேபியாவின் கதை இவ்விடத்தில் கவனத்துக்குரியது. 1997 ஆம் ஆண்டில், ஷெய்க் அப்துல் அஸீஸ் பின் பாஸ் தலைமையிலான அந்நாட்டின் நிரந்தர பத்வாக் குழு, சமயங்கள் அனைத்தும் ஒன்றே என்ற கோட்பாட்டை முற்றாக நிராகரித்துத் தீர்ப்பு வழங்கியது. பள்ளிவாசல், தேவாலயம், யூத ஆலயம் ஆகியவற்றை ஒரே வளவில் கட்டுவதும், அல்குர்ஆனை ஏனைய வேதங்களுடன் ஒரே நூலாக அச்சிடுவதும் கூடா என அது அறிவித்தது. வேதக்காரருடன் அழகிய முறையில் உரையாடி மார்க்கத்தை எடுத்துரைப்பதை அது தடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். பதினொரு ஆண்டுகள் கழிந்தன. 2008 ஜூனில் மன்னர் அப்துல்லாஹ் மக்காவில் முஸ்லிம் அறிஞர்களைக் கூட்டி உரையாடலுக்கு அவர்களது இசைவைப் பெற்றார். அடுத்த மாதமே ஸ்பெயினின் மட்ரிட் நகரில் யூத, கிறிஸ்தவ, இந்து, பௌத்தப் பிரதிநிதிகளுடன் மகாநாடு நடைபெற்றது. பிற சமய வணக்கத் தலங்களுக்குத் தனது மண்ணில் இடமளிக்காத அரசு, மகாநாட்டுக்கு வேறொரு மண்ணைத் தெரிவு செய்ததில் வியப்பில்லை. 2019 மே மாதம் 139 நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,200 அறிஞர்கள் மக்கா சாசனத்தை ஏற்று, சமயப் பன்மை இறைவனின் ஞானத்தின்பாற்பட்டது என ஒப்புக்கொண்டனர்.

இம்மாற்றத்தில் அரசியலின் பங்கு எவ்வளவு, மார்க்க ஆய்வின் பங்கு எவ்வளவு என்று வாசகர் வினவலாம். அரசியலின் பங்கு கணிசமானது என்றே நாம் எண்ணுகின்றோம். அரச மாளிகையிலிருந்து வரும் இணக்கம் மாளிகையின் மனநிலை மாறும்போது தானும் மாறும் என்ற ஐயம் சாதாரண முஸ்லிம்களிடம் இருப்பதற்கும் அதுவே காரணம்.

இதே ஐயத்தின் இன்னொரு வடிவத்தைக் கெய்ரோவிலும் அபூதாபியிலும் காணலாம். 2019 பெப்ரவரி 4 ஆம் திகதி அல் அஸ்ஹரின் பேரிமாம் அஹ்மத் அல் தையிபும் பாப்பரசர் பிரான்சிஸும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் அபூதாபியில் ஒப்பமிட்டனர். சமயங்களின் பன்மை இறைநாட்டம் என்ற அதன் கூற்று கத்தோலிக்கப் பழைமைவாதிகள் சிலரையே அதிகம் சங்கடப்படுத்தியது என்பது சுவையான செய்தி. இக்கூற்றில் முஸ்லிம் அறிஞருக்குப் பெரிய இடர்ப்பாடு இல்லை. இறைவன் நாடியிருந்தால் மனிதரை ஒரே சமுதாயமாக்கியிருப்பான் என்ற கருத்து அல்குர்ஆனில் பல இடங்களில் வருகின்றது. ஆனால் 2020 இல் இஸ்ரேலுடன் அரபு நாடுகள் சில செய்துகொண்ட உடன்படிக்கைகளுக்கு இப்ராஹீம் நபியின் பெயர் சூட்டப்பட்டதும், இப்ராஹீமிய மதம் என்ற பேச்சு அரபுலகில் கிளம்பியது. 2021 நவம்பரில் அதே பேரிமாம் அதனைக் கடுமையாகச் சாடினார். பிறரது நம்பிக்கையை மதிப்பது வேறு, அதனை ஏற்பது வேறு. சமயங்களைக் கரைத்து ஒன்றாக்க முனைவது மனிதரின் நம்பிக்கைச் சுதந்திரத்தையே பறிப்பதாகும் என்பது அவரது வாதமாக இருந்தது. 2023 இல் அபூதாபியின் சாதியாத் தீவில் பள்ளிவாசல், தேவாலயம், யூத ஆலயம் மூன்றும் ஒரே வளாகத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அங்குள்ள பள்ளிவாசல் தாங்கி நிற்பது இதே பேரிமாமின் பெயரை. 1997 இன் பத்வா எதனைக் கூடாது என்றதோ, அதுவே அங்கு கட்டடமாக எழுந்துள்ளது.

மறுமையில் ஈடேற்றம் யாருக்கு என்ற வினாவும் இவ்விவாதத்தோடு பின்னிப் பிணைந்தது. இறைவனையும் இறுதி நாளையும் நம்பி நற்செயல் புரியும் யூதர், கிறிஸ்தவர், ஸாபியீன்களுக்கு நற்கூலி உண்டெனக் கூறும் வசனமும், இஸ்லாம் அல்லாத மார்க்கம் ஏற்கப்படமாட்டாது எனக் கூறும் வசனமும் ஒரே வேதத்தில் உள்ளன. பிந்தியது முந்தியதை மாற்றிவிட்டது என்பாரும், இஸ்லாம் என்ற சொல் அங்கு இறைவனுக்குக் கட்டுப்படுதல் என்ற பரந்த பொருளில் நிற்கின்றது என்பாரும் உள்ளனர். இஸ்லாத்தின் செய்தி சென்றடையாதோரும், அது திரிபுபட்ட வடிவில் மட்டும் சென்றடைந்தோரும் இறையருளுக்கு உரியோர் என இமாம் கஸ்ஸாலி ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதினார். தென்னாபிரிக்காவின் பரீத் இஸாக், நிறவெறிக்கு எதிரான போராட்டத்தில் கிறிஸ்தவரோடு தோளோடு தோள் நின்ற அனுபவத்திலிருந்து இவ்வசனங்களை மீள வாசித்தார். இறுதித் தீர்ப்பு மனிதரின் கையில் இல்லை என்பதில் மட்டும் இவர்கள் அனைவரும் உடன்படுவர்.

ஆயினும் ஈடேற்றம் பற்றிய தகராறு தீர்ந்தால்தான் அயலவரோடு வாழலாம் என்றில்லை. இதனை நன்கு விளக்கும் நாடு இந்தோனேசியா. அறிஞர் நூர்கோலிஷ் மஜித், பொதுவான சொல் பற்றிய வசனத்தையே ஆதாரமாகக் கொண்டு, அந்நாட்டின் பஞ்சசீலக் கொள்கையை எல்லாச் சமயத்தவரும் சந்திக்கும் தளமாகக் கண்டார். அவர் காலமான 2005 ஆம் ஆண்டின் ஜூலை மாதத்தில்தான் அந்நாட்டின் உலமா சபை, பன்மைவாதம் கூடாது என பத்வா வெளியிட்டது. உலகப் பத்திரிகைகள் இதனைப் பெரும் பின்னடைவெனத் தலைப்பிட்டன. ஆனால் பத்வாவை முழுமையாக வாசித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். எல்லாச் சமயங்களும் சமமான உண்மை கொண்டவை என்ற கோட்பாட்டையே அது விலக்கியது. பல சமயத்தவர் ஒரே நாட்டில் அடுத்தடுத்து வாழ்வதென்ற யதார்த்தத்தை ஏற்று, நம்பிக்கையும் வணக்கமும் சாராத சமூக விடயங்களில் அவர்களோடு கலந்து பழகுவதை அது அனுமதித்தது. இத்தகைய நுண்ணிய வேறுபாடு தெருவுக்கு இறங்கும்போது தொலைந்துபோகும் ஆபத்து உண்டு. முன்னாள் ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித் அந்த பத்வாவை எதிர்த்தமைக்கு அதுவும் ஒரு காரணமெனக் கொள்ளலாம்.

வாஹித் தலைமை வகித்த நஹ்ளதுல் உலமா இயக்கம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மரபுவழி அமைப்பாகும். அதன் இளைஞர் அணியான பான்சர், நத்தார் இரவுகளில் தேவாலயங்களுக்குக் காவல் நிற்பதை வழக்கமாகக் கொண்டுள்ளது. 2000 டிசெம்பர் 24 ஆம் திகதி இரவு கிழக்கு ஜாவாவின் மொஜொகெர்த்தோ நகரில், ரியாந்தோ என்ற பான்சர் இளைஞர் தேவாலயத்தில் கண்டெடுக்கப்பட்ட குண்டை வெளியே எடுத்துச் செல்கையில் அது வெடித்து உயிரிழந்தார். 2019 இல் மேற்கு ஜாவாவின் பஞ்சார் நகரில் கூடிய இவ்வியக்கத்தின் உலமாக்கள், ஒரு தேச அரசில் முஸ்லிம் அல்லாதோரைக் 'காபிர்' என அழைக்காது குடிமக்கள் என்றே அழைக்க வேண்டும் எனத் தீர்மானித்தனர். இறையியலில் அவர்கள் எதனையும் மாற்றவில்லை. கலாசாலைப் பாடத்தில் அச்சொல் இருந்தவாறே இருக்கும். அயலவரின் முகத்துக்கு நேரே அதனைச் சொல்லலாகாது என்பதே முடிவு. தபரி கூறிய நீதியான சொல்லுக்கு இது மிக அண்மித்த நடைமுறை என நாம் மதிப்பிடுகின்றோம்.

இனி, எமது வாசகருக்கு நெருக்கமான கேள்விக்கு வருவோம். வசனம் விளிப்பது வேதக்காரரை. 2007 இன் கடிதம் விளித்தது கிறிஸ்தவரை. அபூதாபியின் வளாகத்தில் இருப்பவை மூன்று சமயங்களின் ஆலயங்கள். அப்படியாயின் இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் இப்பொதுத்தளத்தில் எங்கே இடம்?

பழைய சட்ட நூல்களில் இதுபற்றி ஒரே கருத்து இல்லை. பாதுகாப்பு உடன்படிக்கைக்கு உரியோர் வேதக்காரரும் நெருப்பை வணங்கும் மஜூஸிகளும் மட்டுமே என ஷாபிஈ, ஹன்பலி மத்ஹபுகள் வரையறுத்தன. ஹனபி மத்ஹபு அரபியரல்லாத எல்லோருக்கும் அதனை விரித்தது. மாலிகி மத்ஹபு இன்னும் விசாலமாகச் சென்றது. இது ஏட்டுச் சுரைக்காயன்று. 2014 இல் ஈராக்கின் யஸீதி மக்களை ஐ.எஸ். அமைப்பினர் கொன்றும் அடிமைப்படுத்தியும் கொடுமை புரிந்தபோது, அவர்கள் வேதக்காரர் அல்லர் என்பதையே நியாயமாகக் காட்டினர். அவ்வாண்டு செப்டெம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் ஐ.எஸ். தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், யஸீதிகளை மஜூஸிகளுக்குச் சமமாகவும், அதன் வழியே வேதக்காரருக்குரிய முறையிலும் நடத்த வேண்டுமென வாதிட நேர்ந்தது. உயிர் வாழும் உரிமைக்கு முன் ஒரு வகைப்பாட்டைத் தேட நேர்ந்தமை வேதனைக்குரியதே. 2016 ஜனவரியில் மொரோக்கோவின் மராகேஷ் நகரில் கூடிய அறிஞர்கள் வேறு வழியில் சென்றனர். மதீனாவில் நபிகளார் செய்த சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, குடியுரிமை என்ற அடிப்படையிலேயே சிறுபான்மையினரின் உரிமைகளை அவர்கள் பிரகடனம் செய்தனர்.

இந்தியச் சமயங்களை அறிவால் அணுகிய முஸ்லிம்களும் பலர். பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி சமஸ்கிருதம் கற்று இந்துக்களின் தத்துவத்தை எழுதினார். அடுத்த நூற்றாண்டில் ஷஹ்ரஸ்தானி புத்தரைப் பற்றிய செய்திகளை ஹிள்ர் (அலை) அவர்களுடன் ஒப்பிட்டார். முகலாய இளவரசர் தாரா ஷிக்கோ 1657 இல் உபநிடதங்களைப் பாரசீகத்துக்குக் கொணர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் கொல்லப்பட்டார். டில்லியின் நக்ஷபந்தி ஞானி மிர்ஸா மழ்ஹர் ஜானே ஜானான், வேதங்கள் இறைமூலம் கொண்டவை எனக் கருதத் தயங்கவில்லை. 2010 இல், முன்னர் குறிப்பிட்ட ஜோர்தான் இளவரசரின் அறிமுகத்துடனும் தலாய் லாமாவின் முன்னுரையுடனும், இஸ்லாத்துக்கும் பௌத்தத்துக்கும் இடையிலான பொதுத்தளம் பற்றிய ரெஸா ஷா காஸிமியின் நூல் வெளிவந்தது. இந்நூலின் வாதங்களை ஏற்காத உலமாக்கள் ஏராளம். கருணை என்ற பண்பில் ஒற்றுமை காண்பது எளிது. படைத்தவன் பற்றிய கேள்வியில் அது எளிதன்று.

இலங்கையிலோ கேள்வி தலைகீழாக நின்றது. இங்கு முஸ்லிம்கள் ஆளும் தரப்பினராக இருந்ததில்லை; பௌத்த, இந்து மன்னர்களின் கீழ் வாழ்ந்த சிறுபான்மையினர். போர்த்துக்கேயரால் துரத்தப்பட்டோருக்குக் கண்டி மன்னன் செனரத் பதினேழாம் நூற்றாண்டில் அடைக்கலம் அளித்தமை வரலாறு. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தனர் என்பதும் அடிக்கடி கூறப்படுவதே. ஆனால் 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். அதே மாதம் வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டபோது குற்றச்சாட்டு முஸ்லிம் ஊர்காவற் படையினர் மீது எழுந்தது. ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டனர். இவற்றில் எதுவும் இறைவன் ஒருவனா பலரா என்ற விவாதத்தால் நிகழவில்லை. காணி, அதிகாரம், ஆயுதம், அச்சம் என்பவையே காரணங்கள். எனவே இறையியற் பொதுமை காணும் மகாநாடுகள் இக்காயத்தை ஆற்றும் என நாம் நம்பவில்லை. இழந்த காணி, மீள்குடியேற்றம், கொல்லப்பட்டோருக்கான நீதி என்ற விடயங்களில் ஒருவருக்காக மற்றவர் குரல் கொடுப்பதே இங்கு பொதுவான சொல்லாக முடியும்.

அதற்கு மார்க்க ஆதாரம் தேடுவோர் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. மார்க்கத்துக்காகப் போரிடாதோருக்கும் வீடுகளை விட்டு வெளியேற்றாதோருக்கும் நன்மை செய்வதையும், அவர்களிடம் நீதியாக நடப்பதையும் இறைவன் தடுக்கவில்லை என அல்குர்ஆனின் அறுபதாவது அத்தியாயம் கூறுகின்றது. அங்கு வேதக்காரர் என்ற வரையறை இல்லை. பிற சமயத்தவரின் பெருநாளுக்கு வாழ்த்துக் கூறுவதை இப்னுல் கையிம் கடுமையாகத் தடுத்தார். 2022 இல் மறைந்த யூஸுப் அல் கர்ளாவி, கிறிஸ்தவ அயலவருக்கு வாழ்த்துக் கூறலாம் என்றதற்கு இதே அத்தியாயத்தையே ஆதாரமாக்கினார். தைப்பொங்கலுக்கும் வெசாக்குக்கும் இதே கேள்வி எமது ஊர்களின் பள்ளிவாசல்களில் கேட்கப்படுகின்றது; மௌலவிமாரின் விடைகள் இன்னும் ஒன்றாக இல்லை.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள அரபுக் கலாசாலைகளில் நெடுங்காலமாகப் பயிலப்படும் ஷாபிஈ சட்ட நூல் பத்ஹுல் முஈன். அதனை எழுதியவர் பதினாறாம் நூற்றாண்டில் மலபாரில் வாழ்ந்த ஸைனுத்தீன் மஃக்தூம். அவரே போர்த்துக்கேயரின் கொடுமைகளைப் பதிவு செய்த துஹ்பதுல் முஜாஹிதீன் என்ற வரலாற்று நூலையும் எழுதினார். முஸ்லிம்களைப் பேணி, அவர்களது வணக்கத்துக்கும் வாணிபத்துக்கும் இடமளித்த இந்து மன்னர்களை அந்நூலில் அவர் மனந்திறந்து மெச்சுகின்றார். முதல் நூலைப் பாடமாகக் கற்கும் மாணவரின் கையில் இரண்டாவது நூலையும் கொடுப்பதற்கு மகாநாடு எதுவும் தேவைப்படாது.